எண்டர்பிரைஸ்: 1814-ன் பின்சக்கர நீராவிப் படகு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிசிசிப்பி, ஒகையோ ஆறுகளின் பழைய நீராவிப் படகுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதிலும் எண்டர்பிரைஸ் என்ற படகைப் பற்றிப் பாதி உண்மையும் பாதி கதையுமாகக் கேள்விகள் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை கடைசியில்.

எண்டர்பிரைஸ் என்றால் அமெரிக்கப் போர்க்கப்பல்தானே? இது எது?

அந்தப் பெயரில் போர்க்கப்பல்கள் வரிசையாக உண்டு. இது வேறு. 1814-ல் பென்சில்வேனியா மாநிலத்து பிரவுன்ஸ்வில்லில் கட்டிய ஆற்றுப் படகு இது. நீளம் சுமார் 80 அடி, பின்புறத்தில் ஒற்றைத் துடுப்புச் சக்கரம். மொனாங்கஹேலா அண்ட் ஒகையோ ஸ்டீம் போட் கம்பெனி என்ற உள்ளூர்க் கூட்டு நிறுவனம் அதன் சொந்தக்காரர். எஞ்சினை வடிவமைத்தவர் டேனியல் பிரெஞ்ச்.

1815-ல் நியூ ஆர்லியன்ஸில் கிளம்பி, மிசிசிப்பியிலும் பிறகு ஒகையோவிலும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி பிட்ஸ்பர்க் வரை வந்து சேர்ந்த முதல் நீராவிப் படகு என்பதுதான் இதன் புகழுக்குக் காரணம். தூரம் 2,200 மைலுக்கு மேல்.

சக்கரத்தை ஏன் பின்னால் வைத்தார்கள்? பக்கத்துக்கு ஒன்றாக வைத்தால் என்ன?

அந்த ஆறுகளில் தண்ணீரை விட மரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். கரை இடிந்து விழும் மரங்கள் வேரோடு வந்து அடிச்சேற்றில் குத்தி நிற்கும். சில அசையாமல் தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கும். சில நீரோட்டத்துக்கு ஏற்ப மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டிருக்கும். மிதந்து வரும் கட்டைகள் தனிக் கணக்கு. சக்கரம் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தால் இதெல்லாம் முதலில் அதன் மேல்தான் மோதும். பின்னால் இருந்தால் படகின் உடலே கட்டைகளை விலக்கிக்கொண்டு போகும். சக்கரம் அதன் மறைவில் சுற்றும்.

இன்னொரு வசதி, படகின் அகலம் குறைகிறது. குறுகலான, ஆழமில்லாத கால்வாய் போன்ற பாதையில் நுழையலாம். துறை இல்லாத மண்கரையிலும் முன்மூக்கைக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்திச் சரக்கு ஏற்றலாம். பின்சக்கரத்தின் கெடுதல்களைப் பிறகு ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

நீராவிப் படகைக் கண்டுபிடித்தவர் ஃபுல்டன் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

ராபர்ட் ஃபுல்டன் 1807-ல் ஹட்சன் ஆற்றில் நியூயார்க்குக்கும் ஆல்பனிக்கும் இடையே படகை ஓட்டிக் காசு பார்த்தார். லாபமாக நடத்திக் காட்டியவர் என்பது சரி. ஆனால் அதற்கு முன்பே, 1790-ல், ஜான் ஃபிட்ச் டெலவேர் ஆற்றில் நீராவிப் படகில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பயணிகள் போதுமான அளவு வராததால் அது நின்றுபோனது.

ஒகையோ, மிசிசிப்பி போன்ற மேற்கு ஆறுகளில் முதலில் இறங்கியதும் ஃபுல்டன் கூட்டத்தின் படகுதான். 1811-ல் பிட்ஸ்பர்கில் கட்டிய அதன் பெயரே 'நியூ ஆர்லியன்ஸ்'. நிக்கலஸ் ரூஸ்வெல்ட் தன் மனைவி லிடியாவோடு அதில் போனார். வழியில் ஒகையோக் கரையில் உள்ள லூயிவில்லில் குழந்தை பிறந்தது; டிசம்பர் 16 முதல் நியூ மாட்ரிட் நிலநடுக்கம் வேறு. எல்லாவற்றையும் தாண்டி 1812 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு அந்தப் படகு மிசிசிப்பிக் கரை ஊரான நாச்செஸுக்கு மேலே ஏறவே இல்லை. 1814 ஜூலையில் பேட்டன் ரூஜ் அருகே தண்ணீருக்கடியில் இருந்த ஒரு அடிமரத்தில் மாட்டி முழுகியது.

பின்சக்கரத்தில் முதல்வன் எண்டர்பிரைஸ் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1813-ல் அதே டேனியல் பிரெஞ்ச் செய்த 'காமெட்' அதற்கு மூத்தது. வெறும் 25 டன். நியூ ஆர்லியன்ஸ் வரை இறங்கி, நாச்செஸுக்கு ஓரிரு நடை போனதோடு அதன் படகு வாழ்க்கை முடிந்தது. எஞ்சினைக் கழற்றிப் பஞ்சாலை வேலைக்கு விற்றுவிட்டார்கள்.

ஆற்றில் மேலே ஏறுவது அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். பென்சில்வேனியாவிலும் கென்டக்கியிலும் விளைந்த மாவு, பன்றி இறைச்சி, விஸ்கி, புகையிலை எல்லாம் கட்டைப்படகில் மிதந்தே நியூ ஆர்லியன்ஸ் போய்விடும். போகச் செலவில்லை. அங்கே சரக்கை விற்று, படகையும் பலகையாகப் பிரித்து விற்றுவிட்டு, ஆட்கள் நடந்தோ குதிரையிலோ ஊர் திரும்புவார்கள்.

மேலே சரக்கு கொண்டுவர நீளமான கீல்படகு ஒன்றுதான் வழி. ஆட்கள் கழியை ஆற்றடியில் ஊன்றி, தோளில் முட்டுக்கொடுத்து, படகின் விளிம்போடு முன்னிருந்து பின்வரை நடப்பார்கள். மறுபடி முன்னே ஓடிவந்து ஊன்றுவார்கள். ஆழம் அதிகமானால் கரையில் இறங்கி வடம் பிடித்து இழுக்க வேண்டும். கரையில் நடக்க இடமில்லாவிட்டால் கிளைகளைப் பற்றி இழுத்துக்கொண்டே நகர வேண்டும். இப்படி நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில் வர மூன்று நான்கு மாதம் ஆகும். அதனால் காபியும் சர்க்கரையும்கூட பெரும்பாலும் கிழக்குக் கடற்கரையிலிருந்து மலை தாண்டி வண்டியில்தான் வந்தன.

எஞ்சினில் என்ன வித்தியாசம்? நீராவி நீராவிதானே?

ஃபுல்டன் படகுகளில் இருந்தது ஜேம்ஸ் வாட் வகை எஞ்சின். நீராவியின் அழுத்தம் குறைவு. வேலை முடிந்த நீராவியைக் குளிர்ந்த நீரால் சுருக்கி வெற்றிடம் உண்டாக்கி, அந்த வெற்றிடத்தின் இழுப்பில்தான் பிஸ்டன் முக்கியமாக நகரும். எரிபொருள் மிச்சம், ஆபத்து குறைவு. ஆனால் பெரிய சிலிண்டர், நீராவியைச் சுருக்க ஒரு பெட்டி, காற்றை வெளியேற்ற ஒரு பம்ப் என்று எடை ஏறிக்கொண்டே போகும். மிசிசிப்பியின் சேற்றுத் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் போனால் வேறு வினையே வேண்டாம்.

பிரெஞ்ச் உயர் அழுத்தத்துக்குப் போனார். நீராவி பிஸ்டனை நேராக முட்டித் தள்ளும். வேலை முடிந்ததும் புஸ்ஸென்று வெளியே போய்விடும். எஞ்சின் சிறியது, எடை குறைவு, உள்ளூர்க் கொல்லரே பழுது பார்க்கலாம். நீரோட்டம் வலுத்த இடத்தில் அழுத்தத்தைக் கூட்டிக் கொஞ்ச நேரம் கூடுதல் சக்தியும் எடுக்கலாம். அவர் 1809-ல் காப்புரிமை வாங்கிய எஞ்சினில் சிலிண்டரே அச்சின் மேல் ஊஞ்சல்போல் ஆடும். பிஸ்டன் தண்டு நேரே சக்கரத்தின் வளைதண்டில் மாட்டியிருக்கும். நடுவில் ஆடும் உத்திரமெல்லாம் கிடையாது. உயர் அழுத்த எஞ்சினை அமெரிக்காவில் வளர்த்தெடுத்த இன்னொருவர் பிலடெல்பியாவின் ஆலிவர் எவன்ஸ். இவரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாவம்.

எரிபொருளுக்கு என்ன செய்தார்கள்?

விறகு. உயர் அழுத்த எஞ்சினுக்குப் பசி அதிகம். பிற்காலத்தில் கரையெங்கும் விறகு அடுக்கி விற்கப் பிழைப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். எண்டர்பிரைஸ் காலத்தில் அது கிடையாது. அநேக இடங்களில் படகை நிறுத்தி, ஆட்கள் இறங்கி வெட்டினால்தான் மறுநாளைக்கு நெருப்பு.

பிரவுன்ஸ்வில் என்று பெயரே கேள்விப்பட்டதில்லையே. அங்கே போய் ஏன் கட்டினார்கள்?

இன்று சின்ன ஊர்தான். அன்று அப்படியில்லை. மலை தாண்டி மேற்கே போகும் குடும்பங்கள் மொனாங்கஹேலா ஆற்றைத் தொடும் இடம் அது. அந்த ஆறு வடக்கு நோக்கி ஓடி பிட்ஸ்பர்கில் ஒகையோவாகிறது. ஆக, பிரவுன்ஸ்வில்லில் படகு வாங்கி ஏறினால் அப்படியே மேற்கே போய்விடலாம். படகு கட்டும் தச்சர்கள், இரும்பு, நிலக்கரி, காட்டுமரம் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. ஃபுல்டன் கூட்டத்தின் பணத்தை எதிர்பார்க்காமல் உள்ளூர்க்காரர்களே பங்கு போட்டுக் கட்டினார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

1814 கோடையில் இஸ்ரேல் கிரெக் கேப்டனாக இருந்து பிட்ஸ்பர்குக்கும் லூயிவில்லுக்கும் இடையே ஓட்டினார். அந்த ஆண்டு கடைசியில் ஹென்றி மில்லர் ஷ்ரீவ் பொறுப்பேற்றார். அவர் அதற்கு முன் கீல்படகு ஓட்டியவர். மேலே சொன்ன கழி, வடம், மாதக்கணக்கு எல்லாம் அவர் பட்டு அறிந்தவை.

ஆண்ட்ரூ ஜாக்சன் நியூ ஆர்லியன்ஸ் போரில் ஜெயித்ததே இந்தப் படகால்தான் என்கிறார்களே?

மிகைப்படுத்தல். ஜாக்சன் அங்கே பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற அமெரிக்கத் தளபதி. 1814 டிசம்பர் 21 அன்று ஷ்ரீவ் பிட்ஸ்பர்கிலிருந்து ஜாக்சன் படைக்கான வெடிமருந்து, தளவாடங்களுடன் கிளம்பினார். போர் நடந்தது ஜனவரி 8. பஞ்சுப் பொதிகளை அரணாகக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு முன்னால் படகு பாய்ந்து போனதாகப் பழைய கதைகள் வீரமாகச் சொல்லும். ஆவணங்களைத் துருவியவர்கள் கணக்குப்படி படகு வந்து சேர்ந்தது போருக்கு மறுநாள்.

அதற்காக அது சும்மா நிற்கவில்லை. போர் முடிந்ததே தவிர எதிரி கிளம்பவில்லை. ஐரோப்பாவில் கென்ட் நகரில் டிசம்பர் 24 அன்றே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ஆனால் செய்தி கடல் தாண்டி வரவில்லை. அதுவரை ஜாக்சன் எண்டர்பிரைஸை ஆட்களையும் சரக்கையும் ஆற்றில் மேலும் கீழும் கொண்டுபோகப் பயன்படுத்தினார். நீராவிப் படகு ராணுவ வேலைக்கு எவ்வளவு உதவும் என்பது அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. போரின் முடிவை மாற்றியது என்பதை விட இதுவே பெரிய செய்தி.

படகைப் பறிமுதல் செய்தார்கள், கோர்ட்டு கேஸ் ஆனது என்கிறார்களே, அது என்ன?

ஃபுல்டனும் அவருடைய கூட்டாளி ராபர்ட் லிவிங்ஸ்டனும் 1811-ல் ஆர்லியன்ஸ் பிரதேச அரசிடம் ஓர் ஏகபோக உரிமை வாங்கியிருந்தார்கள். அந்தப் பகுதித் தண்ணீரில் நீராவிப் படகு ஓட்டப் பல ஆண்டுகளுக்கு அவர்களுக்கு மட்டுமே அனுமதி. வேறு யார் ஓட்டினாலும் படகு போச்சு. மிசிசிப்பியின் வாயே நியூ ஆர்லியன்ஸ்தான். வாயை அடைத்தால் ஆறு முழுவதும் கைக்குள். ராபர்ட்டின் தம்பி எட்வர்ட் லிவிங்ஸ்டன் அந்த ஊரிலேயே வக்கீல். போர் முடியும்வரை பொறுத்திருந்தார்கள். 1815 மே மாதத் தொடக்கத்தில் வழக்கு வந்தது. ஷ்ரீவ் தரப்பு இதை எதிர்பார்த்தே வந்திருந்தது. ஜாமீன் கட்டிப் படகை மீட்டு, மே 6 அன்று மேலே கிளம்பிவிட்டார்கள்.

வழக்கு இழுத்தது. 1817-ல் கூட்டாட்சி நீதிபதி டொமினிக் ஹால், இதை விசாரிக்கத் தன் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தள்ளுபடி செய்தார். (1815-ல் ராணுவச் சட்டம் இருந்தபோது ஜாக்சன் இதே ஹாலைக் கைது செய்தார்; விடுதலையான ஹால் பதிலுக்கு ஜாக்சனுக்கு 1,000 டாலர் அபராதம் போட்டார். அந்த ஊர் அப்படி.) அதன் பிறகு ஏகபோகக் கூட்டம் மேற்கு ஆறுகளில் மெல்லப் பின்வாங்கியது. நியூயார்க் தண்ணீரில் அவர்களுக்கு இருந்த உரிமையை 1824-ல் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் முடித்துவைத்தார். ஷ்ரீவ் ஒருவரே தனியாக ஏகபோகத்தை உடைத்தார் என்பது சினிமாத்தனம். அவர் முக்கியமானவர், ஆனால் படகுச் சொந்தக்காரர்கள் பலரும் ஒரே நேரத்தில் முட்டினார்கள்.

25 நாளில் லூயிவில் வந்தது என்பது நிஜமா? வெள்ளத்தால் வந்தது என்று படித்தேன்.

இரண்டும் உண்மை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில் ஏறக்குறைய 1,500 மைல். நாளுக்குச் சராசரியாக 60 மைல். நின்று விறகு வெட்டிய நேரமும் இதற்குள் அடக்கம். அங்கிருந்து மேலே பிட்ஸ்பர்க், பிறகு சொந்த ஊரான பிரவுன்ஸ்வில் வரை போனது.

ஆனால் அந்த வசந்தத்தில் ஆறு கரைபுரண்டிருந்தது. முக்கிய ஓட்டத்தை விட்டு ஒதுங்கி, வேகம் குறைந்த வெள்ள நீரின் மேல், வயல்வெளிக்கு மேலேகூடப் படகு போக முடிந்தது. ஆகவே, "வெள்ளம் இல்லாத நாளில் ஏறிக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள் சந்தேகப் பேர்வழிகள். நியாயமான கேள்விதான். ஃபுல்டன் கூட்டத்தின் 340 டன் 'வெசூவியஸ்' 1814-ல் மேலே ஏறப் பார்த்து, நியூ ஆர்லியன்ஸுக்கு சுமார் 700 மைல் மேலே மணல்திட்டில் மாட்டி மாதக்கணக்கில் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பதில் 1817-ல் வந்தது. ஷ்ரீவின் அடுத்த படகான 'வாஷிங்டன்' லூயிவில்லிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போய்த் திரும்ப 45 நாள்தான் எடுத்துக்கொண்டது. அதோடு வாய்கள் மூடின. எண்டர்பிரைஸ் முடியும் என்று காட்டியது. எப்போதும் முடியும் என்று காட்டியது வாஷிங்டன். லூயிவில் விருந்தில் ஷ்ரீவ், ஒருநாள் இதே தூரத்தைப் பத்து நாளில் ஏறுவார்கள் என்றாராம். 1853-ல் 'எக்லிப்ஸ்' நாலரை நாளுக்குள் வந்தது.

உயர் அழுத்தம் என்றால் பாய்லர் வெடிக்காதா?

வெடிக்கும். 1816 ஜூனில், முதல் பயணத்திலேயே, ஒகையோவின் மரியெட்டா அருகே 'வாஷிங்டன்' வெடித்துப் பலர் இறந்தார்கள், ஷ்ரீவும் காயப்பட்டார். எஞ்சின் பற்றிய பதிலில் சொன்ன அதே வசதி, அதாவது தேவைப்பட்டால் அழுத்தத்தைக் கூட்டலாம் என்பது, கைவிட்டால் எமன். பாதுகாப்பு வால்வில் எடையைத் தொங்கவிட்டு ஓட்டியவர்கள் உண்டு. அழுத்தமானி பல காலம் கிடையாது. சேறு பாய்லரின் அடியில் படிந்து தகடு பழுக்கும். அமெரிக்க அரசு 1838-ல் ஒரு சட்டம் போட்டது, பலனில்லை. 1852-ல் போட்டதில்தான் பரிசோதகர்களும் உரிமமும் உருப்படியாக வந்தன. அதற்குப் பிறகும், 1865 ஏப்ரலில், மெம்பிஸ் அருகே 'சுல்தானா' வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

பின்சக்கரம் அவ்வளவு நல்லது என்றால் பழைய படங்களில் பக்கச் சக்கரப் படகுகள்தானே நிறைய இருக்கின்றன?

சரியான கவனிப்பு. சக்கரமும் அதன் அச்சும் வாலில் தொங்கினால் மரத்தாலான உடல் நடுவில் மேலெழுந்து இரு முனையும் தொய்யும். பின்சக்கரப் படகைத் திருப்புவதும் அன்று சிரமம். பக்கத்துக்கு ஒரு எஞ்சின் வைத்தவர்கள் ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் சுற்றி நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். வேகமும் அவர்களிடம்தான். எனவே 1820-களிலிருந்து பல ஆண்டுகள் பெரிய பயணிகள் படகுகளில் பக்கச் சக்கரமே ராஜா.

முனைகளை இழுத்துப் பிடிக்கும் நீண்ட இரும்புக் கம்பிகளும் நல்ல சுக்கான்களும் வந்த பிறகு பின்சக்கரம் திரும்பி வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு சரக்குத் தெப்பங்களைப் பின்னிருந்து தள்ளும் வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

நீராவி வந்ததும் பழைய படகுக்காரர்கள் பிழைப்பு போயிருக்குமே?

கீல்படகுக்காரர்களுக்குப் பெரிய ஆறுகளில் போயிற்று. கட்டைப்படகுகளோ குறையவில்லை, பெருகின. இறங்கிப் போனவர்கள் நடந்து திரும்ப வேண்டியதில்லை, டிக்கெட் எடுத்து நீராவிப் படகில் வந்துவிடலாம் என்றானதே காரணம். இளைஞர் ஆபிரகாம் லிங்கன் 1828-ல் கட்டைப்படகில் நியூ ஆர்லியன்ஸ் போய் நீராவிப் படகில்தான் திரும்பினார்.

இந்தியாவுக்கு 1825-ல் வந்த எண்டர்பிரைஸ் இதுதானா?

இல்லை. அது இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து 113 நாளில் கல்கத்தா வந்த கடல் நீராவிக் கப்பல். இதற்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான் பொருத்தம். பிரவுன்ஸ்வில் படகு ஆற்றை விட்டு எங்கும் போகவில்லை. லூயிவில்லில் ஒகையோ ஆறு பாறைகளின் மேல் இரண்டு மைல் தூரத்தில் சுமார் 26 அடி இறங்குகிறது. அந்த அருவித்தொடருக்குக் கீழே, ஷிப்பிங்போர்ட்டில், அது முழுகிப் போனது. இன்று பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. பின்சக்கரம் நிஜமாகவே நீராவியில் சுற்றுவதைப் பார்க்க ஆசையென்றால், 1914-ல் பிட்ஸ்பர்கில் கட்டிய 'பெல் ஆஃப் லூயிவில்' அதே லூயிவில்லில் இருக்கிறது.

இதையெல்லாம் முன்னேற்றம் என்றே சொல்கிறார்கள். யாருக்கு முன்னேற்றம்?

காபி விலை குறைந்த கென்டக்கிக் குடும்பத்துக்கு, சின்சினாட்டி வியாபாரிக்கு, பிட்ஸ்பர்க் இரும்புக்காரருக்கு முன்னேற்றம். இதே படகுகள்தான் பஞ்சை அள்ளிக்கொண்டு வந்தன; அந்தப் பஞ்சை எடுக்க அடிமைகளை ஆற்றின் கீழே விற்பனைக்கும் கொண்டுபோயின. 1830-களில் தென்கிழக்கின் பூர்வகுடிகளை மண்ணைவிட்டு மேற்கே துரத்தியபோது அவர்களை ஏற்றியதும் நீராவிப் படகுகள்தான். 1837 அக்டோபரில் மிசிசிப்பியில் 'மான்மவுத்' மோதி முழுகியபோது அதில் அடைத்து வைத்திருந்த கிரீக் என்ற பூர்வகுடி மக்கள் சுமார் 300 பேர் இறந்தார்கள்.

ஷ்ரீவ் பெயரில் ஒரு நகரமே இருக்கிறது. எல்லாப் பெருமையும் அவருக்குத்தானா?

ஷ்ரீவ்போர்ட் அவர் பெயரில் அமைந்தது எண்டர்பிரைஸுக்காக இல்லை. 1827-ல் மேற்கு ஆறுகளைச் செப்பனிடும் அரசுப் பொறுப்புக்கு வந்தார். இரண்டாவது கேள்வியில் சொன்ன சேற்றில் குத்திய மரங்களைப் பிடுங்க, 'ஹீலியோபோலிஸ்' என்ற இரட்டை உடல் படகை 1829-ல் இறக்கினார். படகு முழு வேகத்தில் வந்து மரத்தை முட்டும், பிறகு அதைத் தூக்கி மேலே அறுக்கும். ரெட் ஆற்றில் 150 மைலுக்கு மேல் அடைத்துக் கிடந்த மரக்குவியலை 1833 முதல் 1838 வரை அகற்றினார். நகரம் அதற்கான நன்றி.

எண்டர்பிரைஸைப் பொறுத்தவரை கேப்டன் வேலையும் துணிச்சலும் ஷ்ரீவுடையவை. எஞ்சினும் சக்கரமும் டேனியல் பிரெஞ்சுடையவை, பணம் பிரவுன்ஸ்வில் பங்குதாரர்களுடையது. 19-ஆம் நூற்றாண்டுப் புகழுரைகள் உயர் அழுத்த எஞ்சின், தட்டையான அடிப்பகுதி, மேல்தளம் என்று எல்லாவற்றையும் ஷ்ரீவ் தலையில் கட்டின. பிற்கால ஆய்வாளர்கள் அதை ஒவ்வொன்றாகக் குறைத்து, பல ஊர்ப் பட்டறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்டால், பட்டியலில் பிரெஞ்சின் பெயரை முதலில் எழுதுவேன்.